குதிரையும் வேண்டும், உரிமையும் வேண்டும்!

"பிரிட்டனில் ஊனமுற்ற குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றி நடத்திச் செல்கிற தர்ம சங்கம் ஒன்று இருக்கிறதாம். அங்கே தொழிலாளிகள்கூட அதற்குச் சந்தா கொடுக்கிறார்களாம். லீவு நாளில் போய் லாயம் கூட்டுகிறார்களாம். குதிரைச் சவாரி பிரபுக்களின் பொழுதுபோக்கு. தர்மம் முதலாளியின் முகப்பூச்சு. இந்த இரண்டையும் ஒரு தொழிலாளி ஏன் சுமக்க வேண்டும்?"

மில் வாசலில் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தபோது ஸ்பின்னிங் பகுதித் தோழர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார்.

பக்கத்தில் நின்ற கதர்ச்சட்டைக்காரர் ஒருவர் உடனே குறுக்கிட்டார். "அப்படிச் சொல்லாதே தம்பி! சர்க்காரை எதிர்பார்க்காமல் நல்ல மனிதர்கள் கூடி எவ்வளவு பெரிய காரியம் செய்கிறார்கள் பார். உங்கள் கட்சிக்காரர்களுக்குத்தான் எடுத்ததற்கெல்லாம் சர்க்கார், சர்க்கார் என்ற ஒரே கோஷம்!" என்றார்.

தோழர்களே! இந்த இரண்டு பேச்சுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். முதலாவது தவறு. இரண்டாவது மோசடி. தவறைத் திருத்துவோம். மோசடியைத் தோலுரிப்போம்.

அங்கே நடப்பது என்ன?

முதலில் விஷயத்தைத் தெரிந்துகொள்வோம். தெரியாத விஷயத்தைத் திட்டுவது பாட்டாளிக்கு அழகல்ல.

பிரிட்டனில் ஊனமுற்றோர் குதிரைச் சவாரிச் சங்கம் 1969-ல் ஏற்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அங்கங்கே சிறு குழுக்கள் இந்த வேலையை ஆரம்பித்துவிட்டன. இன்று 400-க்கு மேற்பட்ட குழுக்கள் இருக்கின்றன. 1985-லிருந்து சங்கத்தின் தலைமைப் பதவியில் இருப்பவர் அரச குடும்பத்து ஆன் இளவரசி. பதவி அரண்மனையில் இருக்கிறது. ஆனால் லத்தி அள்ளுவதும், தண்ணீர் காட்டுவதும், சேணம் பூட்டுவதும், மழையிலும் குளிரிலும் குதிரையோடு நடப்பதும் யார்? கூலி வாங்காத ஆயிரக்கணக்கான சாதாரண ஆண்களும் பெண்களும்தான்.

ஒரு குழந்தை சவாரி செய்ய மூன்று பேர் வரை தேவைப்படும். ஒருவர் முன்னால் கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்துவார். இருபுறமும் இருவர் குழந்தையின் காலையும் இடுப்பையும் தாங்கிக்கொண்டு கூடவே நடப்பார்கள். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் ஏறுவதற்குச் சாய்தள மேடை உண்டு. தூக்கி உட்காரவைக்கும் எந்திரமும் சில இடங்களில் உண்டு. முதுகில் உட்கார முடியாதவர்கள் சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய குதிரை வண்டியும் உண்டு.

இதனால் என்ன பயன்? இதில் மந்திரமில்லை, மாயமில்லை. குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்னும் பின்னும், மேலும் கீழும், இடமும் வலமும் அசைகிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் இடுப்பும் அதற்கேற்ப அசைகிறது. அந்த அசைவு மனிதன் நடக்கும்போது அவன் இடுப்பு அசைகிற அதே மாதிரி. பிறந்ததிலிருந்து ஓர் அடிகூட எடுத்துவைக்காத குழந்தையின் உடம்பு, நடை என்றால் என்ன என்பதைக் குதிரையின் முதுகில் உட்கார்ந்து உணர்கிறது. மூளைவாதத்தால் கத்திரிபோல் இறுகிப்போன தொடைகள், குதிரையின் உடல் சூட்டிலும் ஒரே தாளமான அசைவிலும் மெள்ளத் தளர்கின்றன. விழாமல் உட்கார முயன்று முயன்று முதுகும் கழுத்தும் வலுப்பெறுகின்றன.

இது நோயைத் தீர்த்துவிடும் என்று யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஏற்றதுமல்ல. அடங்காத வலிப்பு உள்ளவர்களும், கழுத்தெலும்பு உறுதியில்லாதவர்களும் டாக்டரைக் கேட்காமல் ஏறவே கூடாது. ஆனால் சரியானவர்களுக்குச் சரியான முறையில் கொடுத்தால் உடம்புக்குப் பலன் உண்டு. இன்னொரு பலனும் உண்டு. எந்நேரமும் நாற்காலியில் உட்கார்ந்து எல்லோரையும் அண்ணாந்தே பார்த்த குழந்தை, அன்று ஒரு மணி நேரம் எல்லோரையும் கீழே பார்க்கிறது! இதைச் சின்ன விஷயம் என்று சொல்கிறவர், வாழ்நாள் முழுவதும் பிறரை அண்ணாந்து பார்க்கும் நிலையில் ஒரு நாளும் இருந்திராதவர்.

குதிரை பிரபுவின் பிறப்புரிமையா?

"குதிரை பணக்காரன் சமாச்சாரம்" என்கிறார் நமது தோழர். அவர்மேல் குற்றமில்லை. நம் கிராமத்தில் குதிரை என்றால் என்ன? அய்யனார் கோவில் மண்குதிரை; மிராசுதார் ஏறிவந்த குதிரை; ஊர்வலத்தின்மேல் பாய்ந்த போலீஸ் குதிரை. ஆனால் அதே ஊரில் ஜட்காக்காரரின் குதிரையும் இருந்தது. எஜமானோடு சேர்ந்து அரை வயிற்றுக்கு உழைத்த குதிரை அது.

பிரிட்டனிலும் அப்படியே. 1913-ல் அந்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 70,000 மட்டக்குதிரைகள் இருந்தன. பூமிக்கடியில் இருட்டில் கரி வண்டி இழுத்த அந்தக் குதிரைகளை நடத்தியவர்கள் தொழிலாளி வீட்டுச் சிறுவர்கள். பிரபுவின் குதிரை நரி வேட்டைக்குப் போயிற்று. தொழிலாளியின் குதிரை பிரபுவுக்குக் கரி இழுத்தது. குதிரைக்கும் வர்க்கம் உண்டு, தோழர்களே!

குதிரையேற்றத்தை மேல்தட்டுக்காரர்கள் எப்படி வேலி கட்டிக் காத்தார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 1948-ல் லண்டன் ஒலிம்பிக் போட்டி. டிரெஸ்ஸாஜ் என்ற குதிரையேற்றப் பந்தயத்தில் ராணுவத்தின் கமிஷன் பெற்ற அதிகாரிகளுக்கும் 'கனவான்'களுக்கும் மட்டுமே இடம். பெண்களுக்கு இடமில்லை. சிப்பாய்க்கும் சார்ஜெண்டுக்கும் இடமில்லை. ஸ்வீடன் குழு தங்கப்பதக்கம் வென்றது. அதிலே பெர்ஸன் என்பவர் சார்ஜெண்ட். போட்டிக்காக அவரைக் கொஞ்ச நாளைக்கு லெப்டினண்ட் ஆக்கி, முடிந்ததும் மறுபடி சார்ஜெண்ட் ஆக்கிவிட்டார்கள். விஷயம் வெளியே வந்தது. 1949-ல் அந்தக் குழுவின் தங்கப்பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்கள்! அவர் சவாரியில் குற்றமா? இல்லை. அவர் அந்தஸ்தில் குற்றம்!

இந்த அசிங்கம் அம்பலமான பிறகு விதியை மாற்ற வேண்டியதாயிற்று. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வேலி உடைந்தது. சார்ஜெண்டுகளும் வந்தார்கள், பெண்களும் வந்தார்கள். பெர்ஸன் இருந்த ஸ்வீடன் குழு மறுபடியும் தங்கம் வென்றது. அதே பந்தயத்தில் தனிநபர் வெள்ளிப்பதக்கம் யாருக்கு? டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் என்ற பெண்ணுக்கு!

யார் இவர்? 1944-ல், 23 வயதில், கர்ப்பிணியாக இருந்தபோது போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப் போயின. கைகளும் பாதிக்கப்பட்டன. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அந்தப் பெண் மறுபடி குதிரை ஏறக் கற்றார். ஏற்றிவிடவும் இறக்கிவிடவும் ஆள் வேண்டும். மேலே உட்கார்ந்துவிட்டால் அவரை வெல்ல ஆள் தேட வேண்டும்! 1956-லும் அவர் வெள்ளி வென்றார். அவருடைய வெற்றிதான் ஐரோப்பாவெங்கும் ஊனமுற்றோர் சவாரிக்கு உற்சாகம் ஊட்டியது. 1996-லிருந்து பாராலிம்பிக்கிலும் இது ஒரு பந்தயம்.

ஆகவே, நமது தோழருக்குச் சொல்கிறோம்: குதிரை பிரபுவின் சொத்து என்று நீங்களே எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். புத்தகமும் சங்கீதமும் மருந்தும் ஒரு காலத்தில் அவர்கள் சொத்தாகத்தான் இருந்தன. அவற்றை வேண்டாமென்று நாம் சொன்னோமா? எங்களுக்கும் வேண்டுமென்று சொன்னோம்!

தள்ளிய குதிரை குழியும் பறித்ததாம்

இனி, கதர்ச்சட்டைக்காரரின் வாதத்துக்கு வருவோம். "சர்க்காரை எதிர்பார்க்காமல்" என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்தச் சர்க்கார் ஊனமுற்றோருக்குச் செய்தது என்ன என்று பார்ப்போம்.

1944-ல் ஊனமுற்றோர் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது. அதன்படி ரெம்ப்ளாய் என்ற அரசு நிறுவனம் தோன்றி, 1946-ல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதியில் முதல் தொழிற்சாலையைத் திறந்தது. கரி தோண்டி உடம்பு கெட்டவர்கள் அங்கே கூலிக்கு வேலை செய்தார்கள். சங்கம் வைத்தார்கள். நாடெங்கும் அத்தகைய தொழிற்சாலைகள் பெருகின. 2012-லும் 2013-லும் மிச்சமிருந்த தொழிற்சாலைகளைச் சர்க்கார் மூடிவிட்டது அல்லது விற்றுவிட்டது. தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து பார்த்தார்கள். சர்க்கார் அசையவில்லை.

கடும் ஊனமுற்றோர் விடுதியில் அடைபடாமல் சொந்த வீட்டில் உதவியாளர் வைத்து வாழ 1988-ல் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. 2015 ஜூன் 30-ல் அதையும் மூடினார்கள். மூடுவதற்கு ஆறு நாள் முன்னால் ஊனமுற்றோர் சக்கர நாற்காலிகளோடு பார்லிமெண்டுக்குள் புகுந்து, சபைக் கதவை நெருங்கிக் கோஷமிட்டார்கள். போலீஸார் வழிமறித்தார்கள். நாற்காலியில் இருப்பவனுக்கும் போலீஸ்தான் பதில்!

2016-ல் ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமைக் குழுவே பிரிட்டனில் விசாரணை நடத்தி, உரிமைகள் கடுமையாகவோ திட்டமிட்ட முறையிலோ மீறப்பட்டிருப்பதாக அறிக்கை கொடுத்தது. மூடியவர்கள் கன்சர்வேட்டிவ்கள். பின்னால் வந்த லேபர் சர்க்கார் சும்மா இருந்ததா? 2025-ல் ஊனமுற்றோர் உதவித்தொகையில் கைவைக்கப் புறப்பட்டது. ஊனமுற்றோரின் எதிர்ப்பும் சொந்தக் கட்சி உறுப்பினர்களின் கலகமும் சேர்ந்து ஜூலை மாதத்தில் ஒரு பெரிய வெட்டைக் கைவிடச் செய்தன. ஆனாலும் 2026 ஏப்ரலிலிருந்து உடல்நலமின்மைக்காகப் புதிதாக உதவி கேட்டு வருகிற பெரும்பாலோருக்குத் தொகையைக் குறைக்கும் சட்டம் நிறைவேறிவிட்டது.

குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். ஆலையை மூடினார்கள். உதவியாளரைப் பறித்தார்கள். உதவித்தொகையை அறுத்தார்கள். அப்புறம் தர்ம சங்கத்தைக் காட்டி, "பார், எவ்வளவு இரக்கமுள்ள சமுதாயம்!" என்கிறார்கள். ஒரு கையால் ரொட்டியைப் பிடுங்கி, மறு கையால் துணுக்கைப் போட்டால், அதற்குப் பெயர் இரக்கமா?

சவாரிக் குழுக்களின் நிலை என்ன? ஒவ்வொரு குழுவும் தனக்கு வேண்டிய பணத்தைத் தானே திரட்ட வேண்டும். குதிரைக்குத் தீனி, ஆறு ஏழு வாரத்துக்கு ஒருமுறை லாடம் அல்லது குளம்பு சீவுதல், மருத்துவர் கூலி, இன்ஷூரன்ஸ்! மாடு வளர்க்கும் விவசாயத் தொழிலாளிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை; பண்டிகை நாளிலும் மாட்டுக்கு வயிறு உண்டு. பிரிட்டனின் இலவச சுகாதார சேவை பொதுவாக இந்தச் சவாரிச் செலவை ஏற்பதில்லை. நன்கொடை வந்தால் குதிரை நிற்கும். வராவிட்டால் குதிரை விலை போகும். அந்தச் செவ்வாய்க்கிழமைக்காக ஆறு நாள் காத்திருந்த குழந்தை ஏழாம் நாளும் காத்திருக்கும். இதுதான் "சர்க்காரை எதிர்பார்க்காத" ஏற்பாட்டின் லட்சணம்! தர்மத்தில் நடப்பது தயவில் நிற்கும். தயவு நின்றால் நின்றுவிடும்.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. ஊனமுற்றோரே சொன்னார்கள். 1990-லும் 1992-லும் லண்டனில் ஒரு டெலிவிஷன் கம்பெனி, ஊனமுற்றோரைப் பரிதாபமாகக் காட்டிப் பல மணி நேரம் வசூல் நிகழ்ச்சி நடத்தியது. நிலையத்தின் வாசலில் ஊனமுற்றோரே திரண்டு, "உங்கள் பரிதாபம் எங்களுக்கு வேண்டாம், உரிமை வேண்டும்" என்று மறியல் செய்தார்கள். 1992-க்குப் பிறகு அந்த நிகழ்ச்சி நடக்கவில்லை. கண்ணீர்க் கடை மூடப்பட்டது!

அப்படியானால் உதவலாமா, கூடாதா?

உதவ வேண்டும். தயக்கமில்லாமல் சொல்கிறோம். புரட்சி வரும்வரை அந்தக் குழந்தை தொடை இறுகியே கிடக்கட்டும் என்று சொல்கிறவன் புரட்சிக்காரனல்ல, கல்நெஞ்சன். லீவு நாளில் லாயம் கூட்டுகிற பிரிட்டிஷ் தொழிலாளி நம் தோழர். அவர் செய்வது பிச்சை போடுவதல்ல. பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தோள் கொடுப்பது. நாளைக்கு அவர் வீட்டிலும் ஒரு குழந்தை அப்படிப் பிறக்கலாம். நாளைக்கு மிஷின் அவர் காலையே வாங்கலாம்.

ஆனால் எப்படி உதவுவது என்பதில்தான் வர்க்கப் பார்வை வேண்டும். தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது பழமொழி. நாம் பார்ப்போம்! பணம் எங்கே போகிறது? குழுவின் கமிட்டியில் சவாரி செய்கிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, அல்லது அவர்கள் படம் மட்டும் சுவரில் தொங்குகிறதா? உதவித்தொகையை வெட்ட ஓட்டுப் போட்ட மெம்பர் மறுநாள் வந்து குதிரைக்குப் பக்கத்தில் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறார்களா? கேட்க வேண்டும். உரத்துக் கேட்க வேண்டும்.

அதைவிட முக்கியம்: கைத்தொண்டை உரிமையாக மாற்றுவது. முடியுமா என்று கேட்பவர்களுக்கு வேல்ஸ் நாட்டின் ட்ரெடீகர் என்ற சுரங்க ஊரைக் காட்டுகிறோம். அங்கே சுரங்கத் தொழிலாளிகளும் இரும்புத் தொழிலாளிகளும் கூலியில் பவுனுக்கு 3 பென்ஸ் வீதம் போட்டு, ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். டாக்டர், மருந்து, ஆஸ்பத்திரி எல்லாம் அதிலிருந்து. ஊரில் பெரும்பாலோர் அதன் பாதுகாப்பில் இருந்தார்கள். சிறுவயதில் சுரங்கத்தில் இறங்கிய அனைரின் பெவன் அந்த ஊர்க்காரர். சுகாதார மந்திரியானதும் தன் ஊர் வழியை நாட்டுக்கே வழியாக்கினார். 1948 ஜூலை 5-ல் எல்லோருக்கும் இலவச வைத்தியம் உரிமையாயிற்று.

என்ன பாடம்? தொழிலாளிகள் கூடிச் செய்து காட்டினார்கள். செய்து காட்டியதோடு நிற்கவில்லை. "இது நடக்கக்கூடியது, ஆகவே எல்லோருக்கும் வேண்டும்" என்று போராடினார்கள். சவாரிக் குழுக்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் செய்து காட்டியாகிவிட்டது. அடுத்த அடிதான் பாக்கி. டாக்டர் எழுதிக் கொடுத்தால் மருந்து கிடைக்கிறதே, அதுபோல டாக்டர் எழுதிக் கொடுத்தால் குதிரையும் கிடைக்க வேண்டும். தயவில் அல்ல, சட்டத்தில்!

நம்மைப் பற்றிய விஷயமும்தான்

"இது சீமைக் கதை. நமக்கென்ன?" என்று கேட்கலாம். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2 கோடியே 68 லட்சம். பெரும்பாலோர் கிராமத்தில். மத்திய சர்க்கார் 80 சதவீத ஊனமுள்ள ஏழைக்குக் கொடுக்கும் பென்ஷனை 2012-ல் மாதம் 300 ரூபாய் ஆக்கியது. அதாவது நாளொன்றுக்கு 10 ரூபாய்! அதன்பின் பத்தாண்டுக்கு மேலாகியும் அது உயரவில்லை. ஆந்திர மாநிலத்தில் 2024-ல் ஊனமுற்றோர் பென்ஷன் 6,000 ரூபாய் ஆயிற்று. ஓரிடத்தில் முடிந்தது மற்ற இடத்தில் ஏன் முடியாது? 1948-ல் ஈ.எஸ்.ஐ. சட்டம் வந்தது; ஆலைக்கு வந்தது, வயலுக்கு வரவில்லை. கதிரடிக்கும் எந்திரத்தில் கை போன கூலிக்காரர் யார் வாசலில் நிற்பது?

"பணமில்லை, இடமில்லை" என்பார்கள். கிண்டியில் குதிரைப் பந்தயத்துக்கு இடமிருந்ததே! 1945-ல் 160 ஏக்கருக்கு மேற்பட்ட சர்க்கார் நிலம் 99 வருஷக் குத்தகைக்கு, ஆண்டுக்கு 600 ரூபாய்ச் சொச்சம் வாடகையில் பந்தயக் கிளப்புக்குப் போயிற்று. பின்னால் உயர்த்திய வாடகையைக் கட்டவில்லை என்று, 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி காட்டி, 2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்து செய்தது. ஓடுகிற குதிரைமேல் பணம் கட்டுகிறவனுக்கு எண்பது வருஷம் இடம் கொடுக்க முடிந்தது. நடக்கிற குதிரைமேல் ஒரு குழந்தையை உட்காரவைக்க இடமில்லை என்று இனி எவனும் சொல்லக் கூடாது.

ஊருக்கொரு குதிரை கேட்கவில்லை, தோழர்களே! முதலில் வாழத் தகுந்த பென்ஷன். தாலுகா ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வைத்தியர். உடம்புக்கு அளவான சக்கர நாற்காலி. பள்ளிக்கூட வாசலில் சாய்தளம். 2016 சட்டம் எழுத்தில் தந்த உரிமைகள் கையில் வர வேண்டும். இவற்றோடு, எது உடம்புக்கு நல்லதென்று நிரூபணமாகிறதோ அதுவும் வேண்டும். அது குதிரையானாலும் சரி.

ஒவ்வொரு மில் சங்கமும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் பகுதியில் எத்தனை வீட்டில் இப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கட்டும். அவர்களைக் கூட்டத்துக்குத் தூக்கி வரட்டும். மேடைக்கு எதிரே அல்ல, மேடைமேலே உட்காரவைக்கட்டும். கோரிக்கைப் பட்டியலை அவர்கள் வாயால் கேட்டு எழுதட்டும்.

மில் வாசலில் கேட்ட தோழருக்கு நமது பதில் இதுதான்: அந்தக் குழந்தையின் குதிரைக் கயிற்றை ஒரு கையில் பிடியுங்கள். மறு கையில் கொடியைப் பிடியுங்கள். கயிற்றை மட்டும் பிடித்தால் ஒரு குழந்தை நடக்கும், அதுவும் நன்கொடை உள்ளவரை. கொடியை மட்டும் பிடித்தால் இன்றைக்கு ஒரு குழந்தையும் நடக்காது. இரண்டு கையும் நமக்கு இருக்கிறதல்லவா?

குதிரையும் வேண்டும்! உரிமையும் வேண்டும்!